ஞானாம்பாள் பார்த்த மலை

பத்ரிநாத் எப்படி இருக்கும் என்று ஞானாம்பாளிடம் கேட்டால், அங்கே பருப்பு வேகாது என்பாள். முதல் தடவை போனபோது அந்த விஷயம் தெரியாமல் அண்டாவில் துவரம்பருப்பைப் போட்டுவிட்டாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பருப்பு மட்டும் விரலில் நசுங்குவேனா என்கிறது. உயரத்தில் அப்படித்தான் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அடுத்த வருஷத்திலிருந்து மலை ஏறும் யாத்திரைகளுக்குப் பயத்தம்பருப்பு மூட்டைதான்.

காசி என்றால் அவளுக்குச் சப்பென்ற தண்ணீர். ஒரு கை கல்லுப்பு கூடப் போட்டால்தான் ரசம் ரசமாக இருக்கும். ஹரித்வாரில் குரங்குகள் தேங்காய்மூடியைத் துருவலோடு பிடுங்கிக்கொண்டு ஓடும். சிங்கப்பூரில் கடுகு தாளித்தால் கூரையில் மணி அடித்து, சீருடைக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். இலங்கையில் தேங்காய்ப்பால் திரியாது. இப்படி ஊர் ஊராக, நாடு நாடாக அவள் சொல்லிக்கொண்டே போவாள். அவளுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்தால் நீங்களும் நானும் பொறாமைப்படுவோம். ஆனால் அவள் சொன்ன எதிலும் ஒரு கோபுரமோ, நதியோ, கடலோ இருக்காது. இருந்தால்தானே சொல்வதற்கு? அவள் எதையும் பார்த்ததில்லை.

ஞானாம்பாள் சுற்றுலா கம்பெனிச் சமையல்காரி. மேற்குத் தாம்பரம், முடிச்சூர் சாலையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ஆபீஸ் வைத்து, சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று சுற்றுவட்டார ரிட்டயர்டு ஆசாமிகளை உலகம் சுற்றவைக்கிற ஸ்ரீவத்சன்தான் முதலாளி. அவருடைய விளம்பரத்தில் தாஜ்மகாலைவிடப் பெரிய எழுத்தில் இருப்பது, ‘பயணம் முழுவதும் நம்ம வீட்டுச் சாப்பாடு.’ நம் ஆட்கள் எந்த நாட்டுக்கும் போவார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு ரசம் சாதம் வரவேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே ஒவ்வொரு குழுவோடும் ஒரு சமையல்காரர், நாலு பெட்டி மளிகை, ஒரு அப்பளக்கட்டு.

இந்த ஏற்பாட்டில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. எல்லோரும் இடம் பார்க்கப் போகும் நேரம்தான் சமையல்காரர் சமைக்கும் நேரம். அவர்கள் பார்த்துவிட்டுப் பசியோடு வரும்போது இலையில் சூடாக விழவேண்டும். விழுந்ததும், பாத்திரம் கழுவி, பெட்டி கட்டி, அடுத்த ஊருக்கு பஸ் ஏறவேண்டும். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. “அய்யோ ஞானம், என்ன அழகு தெரியுமா! நீ பாத்திருக்கணும்” என்று அப்பளத்தைக் கடித்தபடி உருகுவார்கள். உருகிவிட்டு மோர் கேட்பார்கள்.

வெளிநாட்டை விடுங்கள். இங்கே பக்கத்தில், வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் திருநீர்மலை. கம்பெனியின் ஒருநாள் கோயில் சுற்றுலாவில் அங்கே அவள் எத்தனையோ முறை போயிருக்கிறாள். எல்லோரும் மூச்சு வாங்கப் படியேறி ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வருவார்கள். இவள் மலையடிவாரத்தில் வேன் நிழலில் உட்கார்ந்து, புளியோதரையைத் தொன்னையில் அடைத்துக்கொண்டிருப்பாள்.

அதற்கு முன்னால் அவள் பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்தினாள். கணவர் போன பிறகு, மகள் நித்யஸ்ரீயைப் படிக்கவைக்க ஆரம்பித்த மெஸ். அந்தக் கட்டடத்தை இடித்து உயர உயரமாக ஹாஸ்டல் கட்டியபோது மெஸ் போயிற்று. அப்போதுதான் ஸ்ரீவத்சன் கூப்பிட்டார். “ஊரெல்லாம் பாக்கலாம்மா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் சரி என்றாள். இதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. சமையல் எங்கேயும் செய்யலாம். ஊர் பார்க்கத்தான் இந்த வேலைக்கு வந்தாள்.

நித்யஸ்ரீ படித்து முடித்து, சிறுசேரியில் வேலைக்குப் போய், வீட்டுப் பொறுப்பைத் தன் தோளில் எடுத்துக்கொண்டாள். வேலையை விட்டுவிடும்மா என்றும் சொல்லிப்பார்த்தாள். “இன்னும் நான் ஒண்ணும் பாக்கலடி” என்றாள் ஞானாம்பாள். மகளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

ஒருநாள் எதிர்வீட்டு தபீதாள் டீச்சர் வந்தார். வடநாட்டுப் பக்கம் போகப்போகிறாராம், காசியும் வழியில் வருகிறதாம். “நீங்கதான் எத்தனையோ வாட்டி போயிருக்கீங்களே ஞானம், கங்கை எவ்ளோ அகலம் இருக்கும்? நம்ம அடையாறு மாதிரியா, பாலாறு மாதிரியா?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஞானாம்பாள் வாயைத் திறந்தாள். காசியில் சமைக்கிற சத்திரத்துப் பின்கட்டில் இருந்த குழாய் ஞாபகம் வந்தது. அதன் பிடி உடைந்து, துணி சுற்றியிருக்கும். அதற்கு அப்பால் ஒன்றும் வரவில்லை. “தண்ணி சப்புன்னு இருக்கும் டீச்சர்” என்றாள். டீச்சர் வெகுளியாகச் சிரித்தார். டீச்சர் போன பிறகு ஞானாம்பாள் நெடுநேரம் மாவுப் பாத்திரத்தைக் கலக்கிக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷம் தான் எங்கேதான் போனோம் என்று அவளுக்கே புரியவில்லை. வெட்கமாக இருந்தது. அப்புறம் வெட்கப்பட வேண்டியது தான் இல்லை என்று தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஸ்ரீவத்சன் ஐரோப்பாப் பயணத்துக்கு ஆள் சேர்த்துவிட்டார். அவளைக் கூப்பிட வீட்டுக்கே வந்தார்.

“வரமாட்டேன் சார்” என்றாள்.

அவர் பதறிப்போனார். முப்பது பேர் ஞானாம்பாள் கைச் சமையலுக்காகவே பெயர் கொடுத்தவர்கள். “என்ன வேணும், சொல்லுங்கம்மா.”

கையிலிருந்த வழவழப்பான விளம்பரத் தாளைப் பிரித்தாள். பாரிஸ் கோபுரம், வெனிஸ் படகு எல்லாவற்றையும் தாண்டிப்போய், ஸ்விட்சர்லாந்துப் பனிமலைப் படத்தின் மேல் விரலை வைத்தாள். மலையின் பெயர் அவள் வாயில் நுழையவில்லை.

“இது ஒண்ணு நான் பாக்கணும். மத்த நாளெல்லாம் அடுப்ப விட்டு நகரமாட்டேன். இந்த ஒரு நாள் எல்லாரோடவும் நானும் பஸ்ல ஏறுவேன். மேல போவேன். பாப்பேன்.”

“இவ்ளோதானா? டன்” என்றார் ஸ்ரீவத்சன். நித்யஸ்ரீயும் பக்கத்தில் இருந்தாள். அவளையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் போனார்.

ஐரோப்பா வழக்கம்போலக் கழிந்தது. பாரிஸில் கரன்ட் அடுப்பு மந்தம், சாதம் குழைந்தது. இத்தாலியில் தக்காளி அப்படி ஒரு சிவப்பு, தொக்குக்கென்றே பிறந்தது. அவள் குறை சொல்லவில்லை. பேச்சு பேச்சுதான், மற்ற நாளெல்லாம் அடுப்படி என்று தானே ஒத்துக்கொண்டது. பாத்திரம் கழுவும்போதெல்லாம் மலையை நினைத்துக்கொண்டாள். மகளுடைய ஆபீஸ் ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா, கால் மேஜோடு எல்லாம் தனி மஞ்சள் பையில் தயாராக இருந்தன.

அந்த நாளும் வந்தது. காலை டிபனுக்கு உப்புமாவை முடித்து, அடுப்பைத் துடைத்து, மஞ்சள் பையோடு வாசலுக்கு வந்தாள். குழுவை நடத்திவந்த பிரணவ் ஓடிவந்தான். நல்ல பிள்ளை, யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவன். அதனால்தான் எல்லோரிடமும் மாட்டிக்கொள்வான்.

“அக்கா, சின்ன பிராப்ளம். சுப்ரமணியன் சாரோட அக்கா பையன் நிகில் சூரிக்லேர்ந்து வந்திருக்காரு. கூட வரேங்கறாரு. குரூப் டிக்கெட்ல எக்ஸ்ட்ரா எதுவும் இல்ல. அதான், உங்க டிக்கெட்ட...”

அவள் மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அப்புறம் சுப்ரமணியன் சார் வேற, நாலு நாளா பேக்கிங் சாப்பாடு, இன்னைக்காவது இறங்கி வந்ததும் சூடா வேணும்னு சொல்லிட்டாரு. வத்தக்குழம்பு கேட்டாரு. நீங்க இங்கயே இருந்தீங்கன்னா...”

சுப்ரமணியன் சேலையூர்க்காரர், வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் யாரைப் பார்த்தாலும் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிற மாதிரி முகம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்ததாக நான் சொல்லமாட்டேன். சமையல்காரிக்கு எதற்கு மலை என்று அவர் யோசித்திருந்தால்கூடக் கோபித்துக்கொள்ளலாம். அவர் யோசிக்கவே இல்லை. அதுதான் கொடுமை.

ஞானாம்பாள் பிரணவைத் தாண்டி நடந்தாள். பஸ்ஸில் ஏறினாள். இந்தச் சுற்றுலாக்களில் இடச்சண்டை வராமலிருக்க ஒரு வழக்கம் வைத்திருப்பார்கள், முன்சீட் தினமும் ஒவ்வொருவருக்காக மாறும். அன்றைக்கு அது சுப்ரமணியன் தம்பதிக்கு. முப்பது பேரில் சேராத ஞானாம்பாளுக்கு எந்த முறையும் வராது, பின்னால் பாத்திரப் பெட்டிகளோடு உட்காருவாள். அவள் நேராகப் போய் முன்சீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். மளிகைப் பெட்டிகளின் சாவி இடுப்பில் இருந்தது.

“அம்மா, இது எங்க சீட்” என்றார் சுப்ரமணியன்.

“தெரியும் சார்.”

“லஞ்ச்?”

“இன்னைக்குச் சமையல் இல்ல.”

தாம்பரம் ஸ்டேஷனில் கடைசி வண்டி ரத்து என்று அறிவித்தாற்போல பஸ்ஸுக்குள் ஒரு கூச்சல் கிளம்பியது. எனக்குச் சுகர் இருக்கிறது என்றார் ஒருவர். இவங்களுக்கு என்ன ஆச்சு என்றார் இன்னொருவர். பாவம், வரட்டுமே என்று பின்னால் ஒரு பெண்குரல் கேட்டு, உடனே அடங்கியது. வெள்ளைக்கார டிரைவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். பிரணவ் முதலாளிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, பயத்தோடு நீட்டினான்.

“ஞானம்மா, என்ன இது? முப்பது பேர் காத்துட்டிருக்காங்க. அடுத்த வாட்டி கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன். எறங்குங்க.”

“எறங்கமாட்டேன் சார். நீங்க என் பொண்ணு முன்னாடி சொன்னது.”

“இதோ பாருங்க, உங்களுக்கு வேலை வேணுமா வேணாமா?”

“வேணும். மலையும் வேணும்.”

“ரெண்டும் கெடையாது. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க.”

ஞானாம்பாள் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பதில் சொல்ல அவள் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“மலை” என்றாள்.

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. வேலை அந்த நொடியிலேயே போயிற்று. பயணம் முடியும்வரை சமைத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினாள், அது அவள் பெருந்தன்மை. தாம்பரத்தில் இறங்கிய அன்றே கணக்கு முடிந்தது. அவளுக்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம்.

கடைசியில் நிகில்தான் எழுந்து வந்தான். முகம் சிவந்துபோயிருந்தது. “இது உங்க டிக்கெட்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி. சாரி. நான் அங்க கவுன்டர்ல வாங்கிக்கறேன்” என்று டிக்கெட்டை அவளிடம் கொடுத்தான். மாமாவை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சுப்ரமணியனும் மனைவியும் கடைசி வரிசையில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

மலைக்கு மேலே போனால், ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே என்றால் ஒன்றுமேதான். கம்பிவடத்தில் தொங்கிப் போகிற இரண்டு பெட்டி மாறி, காது அடைத்து, மேலே போய் வெளித்தளத்தில் நின்றால், எதிரே வெள்ளை. கீழே வெள்ளை. கைப்பிடிக் கம்பி வரைக்கும் தெரிந்தது. அதற்கு அப்பால் மேகம், இட்லிப்பானையைத் திறந்தாற்போல முகத்தில் அடித்தது. முப்பது பேரும் அந்த வெள்ளைக்கு முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பனியை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் போட்டுச் சிரித்தார்கள். பல் தந்தியடிக்க ஆரம்பித்ததும் போகலாம் என்றார்கள்.

சுப்ரமணியன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். “இதுக்கா இவ்ளோ கலாட்டா பண்ணே? என்ன இருக்கு இங்க?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை, ஒரு திருப்தி இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

“மேகம் கலையட்டும் சார்” என்றாள்.

“கலையாது. ஃபோர்காஸ்ட் பாத்தாச்சு.”

“அப்ப நீங்க போங்க.”

பிரணவ் கெஞ்சினான். கீழே எல்லோரும் சாக்லேட் கடைக்குப் போவார்கள், அது முடிகிறவரைக்கும்தான் நேரம், அதற்கு மேல் டிரைவர் நிற்கமாட்டார் என்றான். சரி என்றாள். திரும்பி இறங்கும் பெட்டி எது என்று இரண்டு முறை காட்டிவிட்டு, மனசில்லாமல் போனான். பாவம், அவனுக்கு அன்று இரண்டு பக்கமும் அடி.

ஞானாம்பாள் தனியாக நின்றாள். புடவைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் துப்பட்டா, தலையில் குரங்குக் குல்லா. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப்பார்த்துக்கொண்டாள். வேறு நாட்டுக்காரர்கள் வந்தார்கள், வெள்ளையைப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். முட்டி விண்விண்ணென்று வலித்தது. கலையாவிட்டால் என்ன செய்வது என்று ஒருமுறை நினைத்தாள். கலையாவிட்டாலும் பரவாயில்லை, பஸ்ஸுக்குப் போய்ச்சேரக்கூடிய கடைசிப் பெட்டிவரை நிற்பது என்று முடிவுசெய்தாள். இது அவளுடைய நாள். இதை வெள்ளையாகவே பார்ப்பதென்றாலும் அவள் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள்.

காற்று திரும்பியது. முதலில் வலப்பக்கம் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. பாறை. அப்புறம் அதற்கு மேலே இன்னும் பாறை, அதற்கும் மேலே, தலையை அண்ணாந்து பார்க்கிற உயரத்தில், வெயில் பட்ட பனி. மேகம் இரண்டாகப் பிய்ந்து கீழே இறங்கிப்போனது. அதற்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் மலை, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் மலை. அவ்வளவு பெரியவை, அசையாமல், இத்தனை நேரமும் அவளுக்கு எதிரேயே உட்கார்ந்திருந்தன. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதில் பொட்டு மாதிரி ஒரு ஏரி. சத்தமே இல்லை.

ஞானாம்பாள் அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள் என்று நான் எழுதினால் அது பொய். கோபத்தில்தான் அழுதாள்.

பத்ரியில் சமையல் கொட்டகைக்குத் தகரச் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பனிச்சிகரம் தங்கமாக ஜொலிக்கும் என்று வருஷாவருஷம் பந்தியில் யாராவது சொல்வார்கள். அவள் முதுகுக்குப் பின்னாலேயே, கூப்பிடு தூரத்தில், இப்படி ஒன்று இருந்திருக்கிறது. அவள் அதற்கு முதுகைக் காட்டியபடி பருப்பைக் கடைந்துகொண்டிருந்தாள். கங்கை ஒரு தெருவுக்கு அப்பால் ஓடியிருக்கிறது. கடல், கோபுரம், அருவி எல்லாமே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். இதையா இத்தனை வருஷமும் எனக்குக் காட்டாமல் வைத்திருந்தீர்கள் என்று வாய்விட்டே கேட்டாள். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதனால் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே திட்டினாள். ஸ்ரீவத்சனைத் திட்டினாள், வத்தக்குழம்பைத் திட்டினாள், ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்காமல் இத்தனை நாள் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்த தன்னையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், ஒன்றுவிடாமல் பார்த்தாள். மேகம் திரும்ப வந்து மூடியபோது, மூடிக்கொள் என்று விட்டுவிட்டு இறங்கினாள்.

பஸ்ஸில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வேலை போன பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை திருநீர்மலை போனாள். வேன் நிழல் இல்லை, தொன்னை இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி, ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, மேலேயிருந்து பல்லாவரம் பக்கம், விமானம் இறங்குவது, ஏரிகள், காங்கிரீட்டுக் காடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தாள். இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று மகளிடம் சொன்னாள்.

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஸ்ரீவத்சன் ஒரு சந்திப்பு வைப்பார். முடிச்சூர் சாலையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். போய்வந்தவர்கள் குடும்பத்தோடு வருவார்கள், திரையில் போட்டோ ஓடும், ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துப் பயண அனுபவம் சொல்வார்கள், அப்புறம் விருந்து. ஞானாம்பாள் இதுவரை எல்லாச் சந்திப்புக்கும் போயிருக்கிறாள். பின்வாசல் வழியாக, காலையிலேயே.

இந்தத் தடவை அவளை யாரும் அழைக்கவில்லை. ஆனால் பயண வாட்ஸப் குழுவிலிருந்து அவளை நீக்க மறந்திருந்தார்கள். தினசரி மெனு போடுவதற்காக அவளைச் சேர்த்தது. அதில் அழைப்பு வந்தது. ‘பயணிகள் அனைவரும் வருக.’ அவள் அதை இரண்டு முறை படித்தாள். நித்யஸ்ரீயின் நிச்சயத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மயில்கழுத்துப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, வம்பு வேணாம்மா” என்றாள் நித்யஸ்ரீ.

“வம்பு எதுக்கு? நானும் போய்ட்டு வந்தவதானே.”

முன்வாசல் வழியாகப் போனாள். சந்தனம் எடுத்துக்கொண்டாள். ஸ்ரீவத்சன் பார்த்தும் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார். ஆட்கள் நிறைய இருந்ததால் அவருக்கு வேறு வழியில்லை. அவள் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரணவ் மட்டும் ஓடிவந்து தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். பாரிஸ் கண்கொள்ளாக் காட்சி. வெனிஸ் கண்கொள்ளாக் காட்சி. முன்வரிசையிலிருந்து சுப்ரமணியன் எழுந்து மேடைக்குப் போனார். எல்லாவற்றையும் ஒழுங்காகப் பாராட்டிவிட்டுக் கடைசியில் சொன்னார், “அந்தப் பனிமலைதான் கொஞ்சம் பேஜாராப் போச்சு. ஒரே மேகம். யாருக்கும் ஒண்ணும் தெரியல. போதாக்குறைக்கு அன்னைக்குச் சாப்பாடும் கெடையாது!”

சபை சிரித்தது. சிரித்துக்கொண்டே சில தலைகள் ஞானாம்பாள் பக்கம் திரும்பின.

அவள் எழுந்தாள். வரிசையில் இருந்தவர்களின் முழங்காலைத் தாண்டி வெளியே வந்து, மேடையைப் பார்த்து நடந்தாள். ஸ்ரீவத்சன் பாதி வழியில் மறித்தார். சிரித்த முகத்தை மாற்றாமல், பல்லுக்குள்ளேயே பேசினார்.

“ஞானம்மா, இங்க வேணாம். ஸ்டாஃப் விஷயத்த ஆபீஸ்ல தனியாப் பேசிக்கலாம்.”

“நான் ஸ்டாஃப் இல்லையே சார்” என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “நீங்கதான வேலையவிட்டு எடுத்துட்டீங்க. நான் இப்ப போய்ட்டு வந்த ஆளு.”

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு அவளைப் பார்த்து இல்லை. ஸ்ரீவத்சனுக்கு ஒதுங்க வேண்டியதாயிற்று. சுப்ரமணியனின் கையில்தான் மைக் இருந்தது. அவள் கையை நீட்டினாள், அவர் ஒரு நொடி தயங்கிவிட்டுக் கொடுத்தார்.

“வணக்கம். நான் ஞானாம்பாள். மேற்குத் தாம்பரம். சார் சொன்னாரு, யாருக்கும் ஒண்ணும் தெரியலன்னு. எனக்குத் தெரிஞ்சுது. நான் நின்னேன், மேகம் கலைஞ்சுது. சொல்லணும்னுதான் வந்தேன்.”

அப்போது மண்டபத்தின் கோடியில், சமையல்கட்டுக் கதவு லேசாகத் திறந்திருப்பதைப் பார்த்தாள். புதிதாக வேலைக்கு வந்தவள், நாற்பது வயதிருக்கும். வியர்த்த முகம், கையில் குழம்புக் கரண்டி. கதவிடுக்கு வழியாக எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானாம்பாள் தன்னைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே போகத் திரும்பினாள்.

“போகாதீங்கம்மா” என்றாள் ஞானாம்பாள் மைக்கில். “உங்களத்தான். இங்க வாங்க, முன்னாடி வந்து உக்காந்து கேளுங்க.”

அந்தப் பெண் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள்.

“குழம்பு அடிப்பிடிச்சா பிடிக்கட்டும். வாங்க.”

அவள் கரண்டியோடு நடந்து வந்து, முன்வரிசையில் சுப்ரமணியன் விட்டுப்போன நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஞானாம்பாள் மலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.